பாய்லர் ரூமிலிருந்து தேர்வறைக்கு: திருப்பூர் மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் யாரிடமும் "உங்க பாய்லர் எவ்வளவுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டு டன்" என்றோ "மூணு டன்" என்றோ பதில் வரும். அது எதனுடைய டன் என்று அடுத்துக் கேட்டால் பலர் யோசிப்பார்கள். பாய்லரின் எடையா, போடுகிற விறகா, வருகிற நீராவியா? மணிக்கு வருகிற நீராவி என்று சரியாகச் சொல்பவர்கள்கூட, அது 100 டிகிரியில் இருக்கும் தண்ணீரை அதே 100 டிகிரியில் ஆவியாக்கும் கணக்கு என்பதைச் சொல்வதில்லை. கல்லூரியில் 'ஈடான ஆவியாதல்' என்று நடத்திய பாடம் இதுதான். அரசுத் தேர்வில் இன்றும் கேட்கப்படும் பாடமும் இதுதான்.

பன்னிரண்டு ஆண்டுகள் சாயப்பட்டறைகளில் மெயின்டனன்ஸ் பார்த்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவிநாசி, பெருமாநல்லூர், பல்லடம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கணக்குக் கேட்க வருவார்கள். டிப்ளமோ மெக்கானிக்கல் அல்லது பி.இ. மெக்கானிக்கல் முடித்து, நிட்டிங்கிலோ டையிங்கிலோ இரண்டு மூன்று வருடம் கழித்தவர்கள். வந்ததும் எல்லோரும் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றேதான்: "படிச்சதெல்லாம் மறந்து போச்சுங்கண்ணா." எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர்கள் படித்தது கைக்குப் போயிருக்கிறது. பம்ப் சத்தத்தை வைத்தே காற்று இழுக்கிறது என்று சொல்லத் தெரிந்த பையனுக்குப் பாய்ம இயக்கவியல் மறந்துவிட்டது என்றால் எப்படி நம்புவது? கையில் இருப்பதை எண்ணாக மாற்றித் தாளில் வைக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வேலையைப் பற்றியது.

முதல் படி: எந்தத் தேர்வு என்று முடிவு செய்யுங்கள்

எல்லா விளம்பரத்துக்கும் விண்ணப்பிப்பவர் எதற்கும் முழுதாகப் படிப்பதில்லை. உங்கள் படிப்புக்கு எது திறந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பி.இ. முடித்தவர்களுக்கு நம் மாநிலத்தில் முதன்மையானது டிஎன்பிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வு. முன்பு பொறியியல் பணிகளுக்கெனத் தனியே நடந்த தேர்வு 2024 முதல் இந்தப் பெயரில் வருகிறது. இரண்டு தாள்கள். முதல் தாள் உங்கள் பாடம்: 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். இரண்டாம் தாளில் தமிழ்த் தகுதித் தேர்வு 100 கேள்வி, பொது அறிவும் திறனறிவும் சேர்த்து 100 கேள்வி. தமிழில் 150க்கு 60 எடுக்காவிட்டால் முதல் தாளைத் திருத்தவே மாட்டார்கள். அந்தத் தமிழ் மதிப்பெண் தரவரிசையில் சேராது, வாசலைத் திறந்துவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. டிப்ளமோ, ஐடிஐ நிலைப் பணிகளுக்கு இதே ஆணையம் தனித் தேர்வு நடத்துகிறது.

மோட்டார் வாகன ஆய்வாளர் வேலைக்கு ஆசைப்படும் பிள்ளைகள் நம் பக்கம் நிறைய. டிப்ளமோ மெக்கானிக்கலோ ஆட்டோமொபைலோ போதும். ஆனால் முந்தைய அறிவிப்புகளில் வாகனப் பட்டறை அனுபவமும் கனரக வாகன ஓட்டுநர் உரிமமும் கேட்டிருக்கிறார்கள். அறிவிப்பு வந்த பிறகு ஓடி வாங்கக்கூடியவை இல்லை இவை. நோக்கம் அதுவென்றால் இன்றே பட்டறை மாறுங்கள்.

டிப்ளமோக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது ரயில்வேயின் ஜூனியர் இன்ஜினியர் தேர்வு. பி.இ. முடித்தவர்களும் எழுதலாம். முதல் கட்டத்தில் 90 நிமிடத்தில் 100 கேள்விகள்: கணிதம் 30, அறிவியல் 30, பகுத்தறிவு 25, பொது அறிவு 15. இரண்டாம் கட்டத்தில் 150 கேள்விகள், அதில் 100 உங்கள் பாடத்திலிருந்து. தமிழிலேயே எழுதலாம் என்பது இதன் பெரிய வசதி. பெரம்பூர் ஐசிஎஃப், திருச்சி பொன்மலைப் பணிமனை, நம் ஊரை உள்ளடக்கிய சேலம் கோட்டம் என்று மாநிலத்துக்குள்ளேயே வேலை அமையவும் வாய்ப்புண்டு. எஸ்எஸ்சி நடத்தும் ஜூனியர் இன்ஜினியர் தேர்வின் முதல் தாளில் 200 கேள்விகள், பாதி பொறியியல், பாதி பொது. ஆனால் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே.

கேட் தேர்வைப் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம், வயது வரம்பும் கிடையாது. டிப்ளமோ மட்டும் போதாது. 65 கேள்விகள், 100 மதிப்பெண்: பொதுத் திறன் 15, பொறியியல் கணிதம் 13 அளவில், மீதி பாடம். என்டிபிசி போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் இந்த மதிப்பெண்ணை வைத்துப் பொறியாளர்களை எடுக்கின்றன. நெய்வேலி என்எல்சியும் எடுத்திருக்கிறது. மத்திய அரசின் பொறியியல் பணிகள் தேர்வு இவை எல்லாவற்றிலும் பெரியது: முதல்நிலை, முதன்மை, நேர்காணல் சேர்த்து மொத்தம் 1300 மதிப்பெண். வேலையை விட்டுவிட்டு ஒன்றரை வருடம் உட்கார முடிந்தவர்கள் மட்டும் அதைத் தொடுங்கள்.

என் தீர்மானம் இது. பி.இ. என்றால் டிஎன்பிஎஸ்சியும் கேட்டும். பாடம் பெரும்பாலும் ஒன்றே. டிப்ளமோ என்றால் ரயில்வேயும் டிஎன்பிஎஸ்சியின் டிப்ளமோ நிலைத் தேர்வும். இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒன்றை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். 2020இல் மின்வாரியம் உதவிப் பொறியாளர் பணிக்கு விண்ணப்பம் வாங்கியது, 2022இல் அந்த அறிவிப்பு ரத்தானது. மாநிலப் பொதுத்துறை நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு டிஎன்பிஎஸ்சியிடம் போனது. அதற்கென்றே இரண்டு வருடம் படித்துக் காத்திருந்தவர்கள் அந்தப் படிப்பை வேறு தேர்வுக்குத் திருப்ப வேண்டி வந்தது.

இரண்டாம் படி: காகிதங்களைச் சேருங்கள்

படிப்புக்கு முன் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் மூன்று வருடம் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் என் பெயர் பதிவேட்டிலேயே இல்லை. சம்பளம் சனிக்கிழமை கவரில் வந்தது, பிஎஃப் பிடிக்கவில்லை, நியமனக் கடிதம் இல்லை. அனுபவச் சான்று கேட்டு நின்றபோது, "ஏப்பா, எந்த ரெக்கார்டை வெச்சு நான் எழுதித் தர?" என்றார்கள். அந்த மூன்று வருடம் காகிதத்தில் நடக்கவே இல்லை. விண்ணப்பத்தில் அதை எழுத முடியாமல் நான் இழந்ததை நீங்கள் இழக்க வேண்டாம்.

புதிதாகச் சேரும் இடத்தில் முதல் வாரத்திலேயே நியமனக் கடிதம் கேளுங்கள். பிஎஃப் எண், ஈஎஸ்ஐ அட்டை, சம்பளச் சீட்டு மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வேலையை விடும்போது, நல்ல முகத்தோடு இருக்கும்போதே, என்ன பதவி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த இயந்திரங்களில் வேலை என்று எழுதிய சான்றை வாங்கிவிடுங்கள்.

டிஎன்பிஎஸ்சியின் ஒருமுறைப் பதிவுக்குக் கட்டணம் 150 ரூபாய், 5 ஆண்டுகள் செல்லும். சாதிச் சான்று, பெயரில் எழுத்து மாறாத மதிப்பெண் பட்டியல்கள், கைபேசி எண் இணைந்த ஆதார் எல்லாம் தயாராக இருக்கட்டும். பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநிலப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் மெக்கானிக்கலையும் சிவிலையும் தமிழ்வழியில் நடத்துகிறது. அப்படிப் படித்தவர்கள் பள்ளி, கல்லூரி ஒவ்வொன்றிலும் தமிழ்வழிச் சான்று தனித்தனியே வாங்க வேண்டும். ஒரு பள்ளியின் சான்று குறைந்தாலும் சலுகை போய்விடும்.

வயது வரம்பு பணிக்குப் பணி மாறும். டிஎன்பிஎஸ்சியின் பல பணிகளில் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினருக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. முப்பது தாண்டிவிட்டது என்று விலகிப் போகும் முன் அறிவிப்பின் அந்தப் பத்தியைப் படியுங்கள்.

மூன்றாம் படி: ஒன்றரை ஷிப்டுக்குள் நேரம்

காலை 8.30க்கு உள்ளே போய் இரவு 8.30க்கு வெளியே வருவது ஒன்றரை ஷிப்ட். சரக்கு ஏற்றுமதித் தேதி நெருங்கினால் அதுவும் நீளும். பயிற்சி மையங்களின் கால அட்டவணைகள் இப்படி வாழ்பவர்களுக்காக எழுதப்படவில்லை. "தினமும் எட்டு மணி நேரம்" என்று அவற்றில் பார்த்து மனம் தளர்ந்து விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இரவு படிக்காதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்ற உடம்பு பத்து மணிக்குப் புத்தகத்தைப் பார்த்தால் பக்கம் நகரும், எதுவும் நிற்காது. சாப்பிட்டுத் தூங்கிவிடுங்கள். காலை 5 முதல் 7 வரை இரண்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். ஞாயிறு ஆறு மணி நேரம். வாரத்துக்குப் பதினெட்டு. பத்து மாதத்தில் 750 மணி நேரம் தாண்டும். மெக்கானிக்கல் பாடத்திட்டத்தை ஒருமுறை முழுதாகப் படித்து இருமுறை திருப்பிப் பார்க்க அது போதும். நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் தூங்கி எழுந்த பின் வரும் மாலை இரண்டு மணி நேரத்தைக் காலையாக வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறுகிற இடமென்றால் மேற்பார்வையாளரிடம் பேசி ஒரே ஷிப்டில் நில்லுங்கள். கூலி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா என்று கேட்பார்கள். வீட்டில் இன்னொரு சம்பளம் இருந்தால் கடைசி மூன்று மாதம் மட்டும் விடலாம். முதல் நாளே விடாதீர்கள். காரணம் பணம் மட்டும் இல்லை. உங்கள் ஆய்வுக்கூடம் கம்பெனிக்குள் இருக்கிறது.

நான்காம் படி: பாடத்திட்டத்தைக் கம்பெனிக்குள் தேடுங்கள்

பாடத்திட்டத்தை அச்செடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள். சின்ன நோட்டு ஒன்றும். ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னும் நின்று அதன் பெயர்ப்பலகையிலிருந்து மூன்று எண்களைக் குறித்து வாருங்கள். காலையில் அந்த எண்களை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பாய்லரிலிருந்தே தொடங்குவோம். இரண்டு டன் பாய்லர் என்றால் 100 டிகிரி நீரை 100 டிகிரி ஆவியாக்கும் கணக்கில் மணிக்கு 2000 கிலோ. அந்த நிலையில் ஒரு கிலோவுக்கான உள்ளுறை வெப்பம் 2257 கிலோஜூல். பெருக்கி 3600ஆல் வகுத்தால் சுமார் 1254 கிலோவாட். இதுதான் அந்தப் பாய்லர் நீருக்குக் கொடுக்கும் வெப்பம். இப்போது உங்கள் பட்டறையில் நடப்பதைப் பாருங்கள். ஊட்டுநீர் 30 டிகிரி. நீராவி 10 பார் அப்சலூட் அழுத்தத்தில் போகிறது. நீராவி அட்டவணையில் 10 பாரில் உலர்ந்த நீராவியின் என்தால்பி 2778, 30 டிகிரி நீரினுடையது 126. வித்தியாசம் 2652. இதை 2257ஆல் வகுத்தால் 1.175. ஆக, இரண்டு டன் என்று நாம் சொல்லும் பாய்லர் மணிக்குத் தருவது சுமார் 1700 கிலோ நீராவிதான்.

அடுத்து, டையிங் மெஷினைச் சூடாக்கிய நீராவி குளிர்ந்து திரும்பும் சுடுநீரை, அதாவது கண்டன்சேட்டை, தொட்டியில் சேர்த்து ஊட்டுநீரை 80 டிகிரிக்குக் கொண்டுவந்தால்? என்தால்பி 335 ஆகும், வித்தியாசம் 2443, நீராவி சுமார் 1850 கிலோ. அதே விறகு, அதே பாய்லர், 150 கிலோ கூடுதல். கண்டன்சேட்டை வீணாக்காதே என்று மேஸ்திரி கத்துவதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. இதைக் கையால் ஒருமுறை போட்ட பையன் தேர்வில் 'ஆவியாதல் காரணி' என்ற சொல்லைப் பார்த்துத் தயங்கமாட்டான். பாய்லர் பற்றிய பொது அறிவுக் கேள்வியும் உண்டு: 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் நாடாளுமன்றம் புதிய கொதிகலன் சட்டம் இயற்றியது.

நிட்டிங் பக்கம் போங்கள். 30 இன்ச் விட்டம், 24 கேஜ் என்று மெஷினில் எழுதியிருக்கும். கேஜ் என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பது. சுற்றளவு 94 அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம். பெருக்கினால் சுமார் 2260 ஊசிகள். சிலிண்டர் நிமிடத்துக்கு 25 சுற்று சுற்றினால் விளிம்பின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். விட்டத்தை மீட்டராக்கிப் போட்டுப் பாருங்கள்.

நான் பிள்ளைகளை அதிக நேரம் நிறுத்துவது கேம் பெட்டியின் முன்னால்தான். புத்தகத்தில் கேம் சுழலும், ஃபாலோயர் ஏறி இறங்கும். இங்கே கேம் அசையாமல் நிற்க, ஊசிகளைச் சுமந்த சிலிண்டர் சுழல்கிறது. ஊசியின் பட் கேம் பாதையில் ஏறி நூலைப் பிடித்து இறங்குகிறது. எதை நிலையாக வைத்துப் பார்க்கிறோம் என்பது மாறினாலும் ஒன்றைச் சார்ந்து மற்றொன்று அசையும் விதம் மாறாது என்ற தத்துவம் கண் முன்னால் ஓடுகிறது. கேமின் ஏற்றம் செங்குத்தாக ஆக ஊசியின் பட்டை பக்கவாட்டில் தள்ளும் விசை கூடும். புத்தகம் அதை அழுத்தக் கோணம் என்கிறது. வேகத்தைக் கூட்டியதும் ஏன் ஊசி உடைகிறது என்று ஃபிட்டருக்குத் தெரியும், அதற்குப் பெயர் மட்டும்தான் தெரியாது.

கம்ப்ரசர் அறை. இரண்டு கட்டக் கம்ப்ரசர் 1 பாரிலிருந்து 9 பாருக்கு அழுத்துகிறது என்றால், நடுவில் முழுமையாகக் குளிர்விக்கும்போது குறைந்த வேலை வாங்கும் இடை அழுத்தம் எது? இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம்: 3 பார். இந்த ஒரு வரி மறுபடி மறுபடி கேட்கப்படுகிறது. அருகிலிருக்கும் மோட்டாரில் 1440 என்று எழுதியிருக்கும். நான்கு துருவ மோட்டாரின் ஒத்தியங்கு வேகம் 1500. வித்தியாசம் 60, ஆக நழுவல் 4 விழுக்காடு. வி பெல்ட்டை விரலால் அழுத்தி இறுக்கம் பார்ப்பீர்களே, அதன் பின்னால் இறுக்கப் பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்குமான இழுவிசை விகிதச் சூத்திரம் இருக்கிறது.

சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் பேறு பெற்றவர்கள். நொய்யலில் சாயக்கழிவு கலப்பதை ஒட்டி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பின் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்குப் பட்டறைகள் மாறின. ஊர் அந்த நாட்களில் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. வேலையில்லாமல் நின்ற தெருக்கள் இன்னும் கண்ணில் இருக்கின்றன. அந்த மாற்றம் இயந்திரப் பொறியியலை ஊருக்குள் கொண்டுவந்தது. ஆர்ஓவின் உயரழுத்தப் பம்புகள், அது விட்டுச்செல்லும் உப்புநீரைக் காய்ச்சும் பல கட்ட ஆவியாக்கிகள். முதல் கலத்தின் ஆவியே இரண்டாம் கலத்தைச் சூடாக்குகிறது. இரண்டாவதில் அழுத்தம் குறைவு என்பதால் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். 0.2 பாரில் தண்ணீர் 60 டிகிரியில் கொதிக்கும் என்ற அட்டவணை வரி அங்கே இரும்பும் குழாயுமாக நிற்கிறது. ரயில்வே இரண்டாம் கட்டத்தில் சுற்றுச்சூழலும் மாசுக் கட்டுப்பாடும் 10 கேள்விகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தைக்கும் பிரிவில் இருப்பவர்கள் தமக்குப் பாடமே இல்லை என்று நினைக்கிறார்கள். லைன் முழுக்கத் தொழிலகப் பொறியியல். ஓவர்லாக், பேட்லாக், லேபிள் போன்ற ஐந்து வேலைகள். 30, 40, 50, 45, 35 விநாடிகள் என்று வையுங்கள். கூட்டினால் 200. அதிக நேரம் எடுக்கும் வேலை 50 விநாடி, ஆக மணிக்கு 72 பீஸ்தான் வெளியே வரும். லைன் திறன் 200ஐ, ஐந்து பெருக்கல் 50ஆல் வகுத்தால் 80 விழுக்காடு. எங்கே கட்டு தேங்குகிறது என்று கைமடிக்கும் பெண்ணுக்குக்கூடத் தெரியும். அவர் கண்ணால் பார்ப்பதை நீங்கள் கணக்கில் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: கம்பெனியில் கிடைக்காத பாடங்கள்

பொருள் வலிமையியல், பொறியியல் இயக்கவியல், பாய்ம இயக்கவியலின் பாதி, வெப்பப் பரிமாற்றம், கணிதம். இவற்றுக்குக் குறுக்கு வழி கிடையாது. உத்திரத்தின் வளைவுத் திருப்புமை வரைபடமும் மோரின் வட்டமும் ஸ்டென்டர் பக்கத்தில் நின்றால் வந்துவிடாது. மேசையில் உட்கார்ந்து, வெள்ளைத்தாளில் வரைந்து, பத்து முறை தப்பாகி, பதினோராவது முறை சரியாக வரவேண்டும். முதல் மூன்று மாதத்தை இவற்றுக்கே கொடுங்கள். கணிதத்தில் அணிகள், வகைக்கெழுச் சமன்பாடு, நிகழ்தகவு மூன்றும் கேட்டில் மதிப்பெண் தருபவை.

ஒரு பழக்கத்தை விடவேண்டும். நம் கல்லூரிகளில் வடிவமைப்புத் தேர்வுக்கு பிஎஸ்ஜி டிசைன் டேட்டா புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள். எந்தப் பக்கத்தில் எந்தச் சூத்திரம் என்று தெரிந்தாலே பாதி மதிப்பெண். போட்டித் தேர்வில் அந்தப் புத்தகம் இருக்காது. என் முதல் தேர்வில் நான் கைவிட்ட கேள்விகளில் பெரும்பாலானவை, அந்தப் புத்தகம் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் போட்டிருக்கக்கூடியவை. சூத்திரங்களைத் தருவித்துப் பாருங்கள். தருவித்தது மறந்தாலும் திரும்ப வரவழைக்கலாம். கேட்டில் சொந்தக் கால்குலேட்டரும் கிடையாது, திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால் அழுத்த வேண்டும். வீட்டிலேயே அப்படிப் பழகுங்கள்.

ஆறாம் படி: புத்தகங்கள்

பாடத்துக்கு ஒன்று போதும். வெப்ப இயக்கவியலுக்கு பி.கே. நாக், இயந்திரக் கோட்பாட்டுக்கு எஸ்.எஸ். ரத்தன், பொருள் வலிமையியலுக்கு ஆர்.கே. பன்சால், கணிதத்துக்கு பி.எஸ். கிரேவால். வேகமாகத் திருப்பிப் பார்க்க குர்மி குப்தாவின் கொள்குறி வினாப் புத்தகம். டிப்ளமோக்காரர்கள் குர்மியிலிருந்தே தொடங்கலாம், ஆனால் அதிலேயே நின்றுவிடக் கூடாது. ஐஐடி பேராசிரியர்களின் என்பிடெல் பாடங்கள் இலவசம். எல்லாவற்றையும் பார்க்க நேரம் இருக்காது, புரியாத தலைப்புக்கு மட்டும் போய் வாருங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பொதுப் பாடங்களுக்குக் கட்டணமில்லாமல் பயிற்சி தருகிறார்கள். அதற்காகத் தனியாரிடம் பணம் கட்டாதீர்கள்.

ஏழாம் படி: தமிழும் பொது அறிவும்

மெக்கானிக்கல் பிள்ளைகள் விழும் குழி இது. முதல் தாளில் நன்றாக எழுதிவிட்டு, பத்தாம் வகுப்புத் தரத் தமிழில் 60 எடுக்காமல் வெளியேறியவர்கள் இருக்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் பாடநூல்களை வாங்கி, இலக்கணமும் திருக்குறளும் தினம் இருபது நிமிடம். சாப்பாட்டு இடைவேளை அதற்குப் போதும்.

வரலாறும் புவியியலும் உங்களுக்கு வெளியே எங்கோ இருப்பதாக நினைக்காதீர்கள். சென்னிமலையில் 1904இல் பிறந்த குமரன், 1932 ஜனவரியில் கொடியோடு ஊர்வலம் போய் அடிபட்டு உயிர் விட்டது இந்தத் திருப்பூரில். நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் நொய்யலின் கரையில்தான் கொடுமணல் அகழாய்வு நடந்தது. அங்கே இரும்பு உருக்கியதற்கும் மணிகள் செய்ததற்கும் தடயம் கிடைத்திருக்கிறது. ஒரு மெக்கானிக்கல்காரன் அதைத் தெரிந்துகொள்ளாமல் யார் தெரிந்துகொள்வது? உடுமலை, பல்லடம் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம், அமராவதி அணை எல்லாம் கேள்விகள் ஆகக்கூடியவை.

எட்டாம் படி: பழைய வினாத்தாளும் தவறு நோட்டும்

ஆறாவது மாதத்திலிருந்து ஞாயிறு காலை ஒரு முழுத் தாள். கைபேசியை அடுத்த அறையில் வைத்து, கடிகாரம் பார்த்து, நடுவில் எழாமல். முடித்ததும் மதிப்பெண்ணைவிடத் தவறுகளைப் பாருங்கள். எனக்குத் தெரிந்த பிள்ளைகளின் தவறுகளில் பாதி அலகுத் தவறு. கேஜ் அழுத்தத்தை அப்சலூட்டாக மாற்ற மறப்பது, டிகிரியைக் கெல்வினாக மாற்ற மறப்பது, விட்டத்துக்குப் பதில் ஆரம் போடுவது. தனி நோட்டில் தேதியோடு எழுதி வைத்து மறுவாரம் அதே கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

எங்கே ஊகிக்கலாம் என்பதும் தேர்வுக்குத் தேர்வு வேறு. டிஎன்பிஎஸ்சியில் தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, ஆகவே எதையும் விடாமல் எழுதுங்கள். ரயில்வேயில் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு போகும், எஸ்எஸ்சி முதல் தாளில் கால் மதிப்பெண். கேட்டில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு மட்டும் கழிவு உண்டு, எண்ணை உள்ளிடும் கேள்விகளுக்கு இல்லை. அந்த எண் கேள்விகளில்தான் பாய்லர் முன் நின்று கணக்குப் போட்டவர்களின் கை ஓங்கும். 30 டிகிரித் தண்ணீரிலிருந்து வரும் விடை எந்த அளவில் இருக்கவேண்டும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும்.

கடைசி வாரம்

தேர்வுக்கு மூன்று நாள் முன்பே விடுப்பைச் சொல்லி வையுங்கள். வெள்ளிக்கிழமை இரவு சரக்கு முடியவில்லை என்று போன் வரும், போகாதீர்கள். நுழைவுச்சீட்டில் உள்ள மையம் கோவையில் எந்த மூலையில் இருக்கிறது என்று முந்தைய ஞாயிறே போய்ப் பார்த்துவிடுங்கள். காலை நேரத்தில் அவிநாசி ரோட்டில் பஸ்ஸை நம்புவதைவிட ரயிலில் போவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கிறது. புதிய பாடம் எதையும் அந்த வாரம் தொடவேண்டாம். தவறு நோட்டு, சூத்திரத்தாள், தமிழ். முந்தைய நாள் மாலை கம்பெனி நோட்டை ஒருமுறை புரட்டுங்கள், பெயர்ப்பலகைகளிலிருந்து எழுதிய அந்த எண்களை. பிறகு ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள்.